போபோடி கேட்டில் நின்ற வண்டி

தண்டவாளத்தின் மேல் நின்றுபோன காரைத் தள்ளிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் சொந்தப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்க, நான் வெளியே நின்று தள்ளினேன். தொண்ணூற்றேழாம் வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து. புனேயில் மழை பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்த ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை நசநசவென்று இறங்கிக்கொண்டே இருக்கும். துவைத்த துணி காயாது, மனுஷனுக்கு முகம் தெளியாது.

போபோடி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தேன். லோணாவளா லோக்கல் போனதும் கேட்டைத் தூக்கினார்கள். எனக்கு முன்னால் எதிர்வீட்டு வனஜா ஓட்டுகிற வெள்ளை ஃபியட். உள்ளே பள்ளிக்கூடம் போகிற ஆறு குழந்தைகள். அதில் ஒன்று என் பெண் ப்ரீதி, இரண்டாம் வகுப்பு. வண்டி மெதுவாகத் தண்டவாளத்தில் ஏறியது, இரண்டு தரம் குலுங்கியது, நின்றுவிட்டது. சாவி போடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கிளம்பவில்லை.

கேட்மேன் சிவப்புக் கொடியோடு கூண்டிலிருந்து, வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "காடி ஹடவ்! அரே, காடி ஹடவ்!" எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயிலுக்கு மணி அடித்துவிட்டது. ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஒரு பால்காரர், டிபன் டப்பாவோடு ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், நான். "தக்கா மாரோ" என்று யாரோ கத்த, நாலு பேருமாக முட்டிக்கொடுத்துத் தள்ளினோம். பின் கண்ணாடி வழியாக ப்ரீதி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன்.

வண்டி அந்தப் பக்கம் இறங்கி நாலு நிமிஷத்தில் ரயில் போயிற்று.

"ஆறு குழந்தைகளை வச்சுண்டு தண்டவாளத்தில கொண்டுபோய் நிறுத்தறேளே, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா?" கேட்டில் நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்திருக்கும்.

"சார், மொத வண்டிய ஓரங்கட்டுதேன். பிள்ளையளுக்கு மணி அடிச்சிரும். அப்புறமா ஏசுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றாள் வனஜா.

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அந்த நிதானமே என் கோபத்தை இன்னும் கிளப்பியது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஒரே சாவியில் கிளம்பிப் போயிற்று.

வனஜாவும் அவள் புருஷன் சந்தானமும் எங்கள் சந்தில் எதிர் வரிசை. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். சந்தானத்துக்குக் கசார்வாடியில், பழைய பம்பாய் ரோட்டின் மேல் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை. கார்பரேட்டர்தான் அவன் துறை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற அந்தச் சாமான் கெட்டுப்போய் வண்டி நின்று நின்று போனால், சிவாஜி நகரிலிருந்தெல்லாம் அவனைத் தேடிக்கொண்டு வருவார்கள். நீள ஸ்க்ரூட்ரைவரின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக்கொள்வான். "மூணாவது பிளக்கு" என்பான். மூணாவது பிளக்காகத்தான் இருக்கும்.

ஷெட்டில் ஒதுங்கிக் கிடந்த ஃபியட் ஒன்றை அவனே எழுப்பி நிறுத்தினான். வனஜா முப்பத்தாறு வயதில் அதில் ஓட்டப் பழகினாள். இரண்டு வருஷமாகக் காலையில் கசார்வாடியில் இரண்டு பெண்கள், வழியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பவுனம்மாவின் பையன், அப்புறம் எங்கள் சந்தில் மூன்று பேர் என்று ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. "பானட்டுக்குள்ள உள்ளது என் பாடு சார். அதுக்குப் பொறத்தால உள்ளது பூரா அவ பாடு" என்று சந்தானம் பெருமையாகச் சொல்வான். ஸ்டியரிங், சீட், டயருக்குக் காற்று, பெட்ரோல் எல்லாம் அவள். அவன் பெட்ரோல் போட்டதே கிடையாது.

ஊரார் வண்டியை எல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டு வண்டிதான் இப்போது நின்றுகொண்டிருந்தது. மழை ஆரம்பித்த பிறகு இது நாலாவது தரம். மழைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். சந்தானமும் பிளக் வயர் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் துடைத்து, கார்பரேட்டரை இரண்டு தரம் கழுவிப் பார்த்துவிட்டான். வாசலில் அவன் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி கொஞ்சம் ஆடுமே தவிர நிற்காது. குழந்தைகளோடு கேட்டுக்குப் போனால்தான் நிற்கும்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் கூடினோம். ஃபாக்டரி ஸ்டோரில் வேலை பார்க்கிற கிட்டு வந்திருந்தார். அவருடைய இரண்டு பையன்கள் அந்த வண்டியில் போகிறவர்கள். பவுனம்மா ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். கசார்வாடிப் பெண்களின் வீட்டில், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார்கள். என் மனைவி ருக்மிணி காபி கலந்துவைத்துவிட்டு அடுக்களை நிலைப்படியில் நின்றாள். சந்தானமும் வனஜாவும் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"ஓய் சேஷு, இதில பேசறதுக்கு என்ன இருக்கு?" என்று கிட்டு என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "என் மச்சினன் வேன் ஓட்டறான். புது வண்டி. நாளைக்கே வரச் சொல்றேன். கார்பரேட்டர் டாக்டர் ஆத்து வண்டியே இழுத்துண்டு கெடந்தா நாம என்ன பண்ணறது?"

சந்தானம் முகம் சிவந்தான். "என் கார்பரேட்டர்ல கொறை இல்ல. இவ கிளச்ச விடுதது சரியில்ல."

"ஆமா, ரெண்டு வருசமா சரியா விட்ட கிளச்ச இந்த மாசந்தான் மறந்துட்டேன்! ஆட்டம் ஆடுதது ஒங்க இஞ்சினு. ஏச்சு மட்டும் எனக்கா?" என்றாள் வனஜா.

"சண்டைய வீட்ல வச்சுக்கோங்கோ" என்றேன் நான். "வனஜா, நான் ஒளிக்காம சொல்றேன். இன்னிக்கு நான் பார்த்ததை இன்னொரு தரம் பார்க்க என்னால முடியாது."

"எனக்கு மட்டும் முடியுமா சார்?" என்று என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க வெளிய நின்னு பாத்திய. நான் உள்ள இருந்தேன். ஆறு பிள்ளையளும் என் முதுகப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு வாரம் தாங்க. திங்கக்கிழம வண்டி கேட்டத் தாண்டாம நின்னுதுன்னா நானே வேன்ல ஏத்தி விடுதேன். இவுகளும் வண்டிய வித்துருவோம்னு சொல்லிட்டாக. கேக்கதுக்கு ஷெட்ல ஆளு இருக்கு."

"கொடுத்துட்டுப் போறது. இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்றார் கிட்டு.

வனஜா கிட்டுவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த ஊருக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு. பன்னெண்டு வருசம் நான் சந்தானம் பொண்டாட்டி. இந்த ஊர்க்காரங்களுக்கு மதறாஸி பாபி, மதறாஸி அண்ணி. கடைக்காரனுக்குக் கூட என் பேரு தெரியாது. இந்த ரெண்டு வருசமாத்தான் வனஜா ஆன்ட்டி, வனஜா ஆன்ட்டின்னு பிள்ளையோ என் பேரச் சொல்லிக் கூப்பிடுது. அத நான் எப்படி விடுவேன்?"

ஒரு வாரம் கொடுத்தோம். பவுனம்மா கேட்டதால் கொடுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு மனசில்லை. புதன் முதல் சனி வரை நாலு நாளும் ப்ரீதி என் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே சந்தானம் ஜன்னல் கம்பிக்கும் எதிரே இருந்த குல்மொஹர் மரத்துக்குமாக நீல பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டி, அதன் கீழே வண்டியின் மூக்கை நுழைத்துவிட்டான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சந்தேகப்பட்ட மனுஷன் கண்ணால் பார்க்க வேண்டாமா?

இஞ்சினை ஓடவிட்டான். மட்கார்டு நடுங்கியது. நம்பர் பிளேட் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்தியளா சார், நொண்டுதது மாதிரித் தெரியுதுல்லா? நொண்டல. காத்து எங்கனயோ களவா உள்ள போவுது. பெட்ரோலுக்கு மேல காத்து போனா இஞ்சினு தெணறும். இப்பப் பாருங்க" என்றான். ஆயில்கேனில் கொஞ்சம் பெட்ரோலை எடுத்து, கார்பரேட்டர் உட்கார்ந்திருக்கிற அடிப்பகுதியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டான். ஒரு மூலையில் சொட்டு விழுந்ததும் இஞ்சின் சட்டென்று குரல் ஏறி, மறுபடி இறங்கியது. "கேட்டியளா? குடிச்சிட்டு. ஓட்டை அங்கனதான்."

கார்பரேட்டரைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அடிப்பாகம் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. எந்தப் புண்ணியவானோ ஒரு காலத்தில் நட்டை வெறி பிடித்து முடுக்கியதில் வளைந்துவிட்டதாம். கண்ணாடி மேல் எமரித்தாளை விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க ஆரம்பித்தான். தேய்ப்பதும் தூக்கிப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம். பிறகு இரண்டு பாகத்துக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட் அட்டையை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரம் முழுக்க மெல்லத் தட்ட, அட்டை அந்த வடிவத்திலேயே அறுந்து வந்தது. கடுகு கூடப் போகாத ஓட்டை உள்ள ஜெட் என்கிற பித்தளைத் துணுக்குகளைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தான். சைக்கிள் பம்பால் ஊதினான்.

"ஒரு ஊசியை விட்டுக் குத்தினா சுலபமா இருக்குமே" என்று பாங்க் உத்தியோகஸ்தனான நான் யோசனை சொன்னேன்.

"சார், நீங்க பாங்குல போய் நோட்டுக்கட்ட ஊசியால குத்துங்க" என்றான் நிமிராமலே. "ஊசி விட்டா ஓட்டை பெருசாயிரும். அப்புறம் வண்டி குடிகாரன் கணக்கா பெட்ரோல இழுக்கும்."

வனஜா சுக்குத் தட்டிப் போட்ட பால்காபியும் காந்தா பஜியும் கொண்டுவந்தாள். மழைக்கு இந்த ஊரே தின்கிற வெங்காய பஜிதான். அவள் கைப்பக்குவத்தில் சோம்பும் கறிவேப்பிலையும் விழுந்து அம்பாசமுத்திரம் ஆகிவிட்டிருந்தது. கோபக்காரனாக வந்தவன் மூன்று தட்டு தின்றேன்.

"நல்லாத் தின்னுங்க சார். நாளைக்கு ஏச பெலன் வேணும்லா" என்றாள்.

மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி மறுபடி ஓடவிட்டான். ஒரு சின்ன ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினான், இஞ்சின் தடுமாறியது. வெளியே தளர்த்தினான், தெளிந்தது. இன்னும் தளர்த்தினான், மந்தமாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அரைத் திருகு உள்ளே கொண்டுவந்தான். மிச்சமிருந்த காபி டம்ளரை எடுத்து இஞ்சின் தலையில் வைத்தான். காபியின் மேல் ஏடு கட்டியது, ஏட்டில் சுருக்கமே விழவில்லை. நிஜமாகவே எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை.

"இனிமே இது நின்னுதுன்னா நான் ஷெட்டுக்குப் போகல. இட்லிக்கடை வச்சிருதேன்" என்றான் சந்தானம்.

"வாசல்ல நன்னா ஓடறதுக்கு நான் சர்டிபிகேட் தரமாட்டேன்" என்றேன். "எந்த வழியில தினமும் போறேளோ அந்த வழி முழுக்கப் போகணும். நானும் வரேன்."

"வாங்க. பயந்து கெடக்கமோ?" என்று வனஜா சாவியை எடுத்தாள்.

முதலில் பெட்ரோல் பங்கில் டாங்கை நிறைத்தாள். அவளே இறங்கிப் போய் மூடியைத் திருகிவிட்டு வந்தாள். பிறகு கசார்வாடி. அங்கே அந்தப் பெண்கள் வீட்டு வாசலில், அவர்கள் ஏறுகிற நேரத்துக்கு நிறுத்தி வைத்தாள். அப்புறம் பவுனம்மா வீடு, அப்புறம் எங்கள் சந்து. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி வெண்ணெயாய்ப் போயிற்று. முன்சீட்டில் சந்தானம் கையைக் கட்டிக்கொண்டு சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்தாவது நிமிஷம் கேட்டுக்கு வந்தோம். கேட் சாத்தியிருந்தது. வரிசையில் நின்றோம்.

இஞ்சின் ஒரு தரம் விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. நின்றுவிட்டது.

வனஜா சாவியை அணைத்தாள். வைப்பர் பாதியில் நின்றிருந்தது.

சந்தானம் இறங்கி மழையிலேயே பானட்டைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் பெட்ரோல் நிறைந்து நிற்க வேண்டுமாம். அடியில் ஒரு ஸ்பூன் அளவுதான் கிடந்தது.

"பெட்ரோலே வரல" என்றான். "ஏட்டி, டாங்கில இருக்கா?"

"இப்பத்தான நெறச்சேன்! ஒங்க கண்ணு முன்னாலதான!"

"போய்ப் பாரு."

வனஜா பின்னால் போனாள். மூடியைத் திருகினாள். அந்தச் சத்தம் முன்னால் நின்ற எங்களுக்கே கேட்டது. ஸ்ஸ்ஸென்று ஒரு இழுப்பு. காற்று வெளியே வருகிற சத்தமில்லை, உள்ளே போகிற சத்தம்.

"ஏங்க" என்றாள். "இங்கன வாங்க."

போனோம். டாங்கின் வாயில் பால் பாக்கெட் கவரை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்து உள்ளே போயிருந்தது. சந்தானம் அதைப் பார்த்தான். வனஜாவைப் பார்த்தான்.

"என்னட்டி இது?"

"பால் கவரு."

"பால் கவருன்னு எனக்கும் தெரியுது! இங்கன என்ன செய்யுது?"

"நான்தான் கட்டினேன்" என்றாள். கவரை அவிழ்த்து உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாங்கள் யோசிக்கும் முன் அவளே சொன்னாள்: "எண்ணெ டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெ எறங்காதுல்லா? காத்துப் போக மறுபக்கம் இன்னொண்ணு போடணும்லா? இந்த மூடில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. அது அந்தக் காத்து ஓட்டை. அத நான் அடச்சுட்டேன். பெட்ரோலு போவப் போவ உள்ள காத்து இல்லாம, பம்பு இழுக்க இழுக்க இது பிடிச்சு வச்சிருக்கு."

சந்தானம் அப்படியே பின் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு வாரமா கார்பரேட்டரக் கழுவிக் கழுவிக் குடிக்காத கொறையா நிக்கேன். நீ பொறத்தால ஊறுகா பாட்டிலு கெட்டுத மாதிரிக் கெட்டி வச்சிருக்கியா, சவத்து மூதி?"

"ஊர்லருந்து ரயில்ல எண்ணெ கொண்டாந்தா நம்ம இப்படித்தான கெட்டுவோம்? மூடிக்கு அடில கவரப் போட்டா சிந்தாது, வாடை வராது."

"வாடை வந்தா ஒனக்கென்ன? எதுக்குச் செஞ்ச?"

அவள் கவரை மடித்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எனக்கு விளங்கியது. மழை பிடித்த முதல் வாரம் கண்ணாடியை ஏற்றிவிட்டதில் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்து, ப்ரீதி இரண்டு நாள் பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்தாள். ருக்மிணியை எதிர்வீட்டுக்கு அனுப்பியது நான்தான். இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் குழந்தையை அனுப்பமாட்டோம் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். அவள் வழி பண்ணியிருக்கிறாள். நான் கேட்டில் நின்று ஊர் பார்க்க அவளைத் திட்டியிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த மழையில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மூடியை மட்டும் போட்டுச் சாவியைத் திருப்பினாள். இரண்டு மூன்று தரம் செருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கட்கி போய், திரும்பி, மறுபடி கசார்வாடி வரை போய் வந்தோம். ஒன்றரை மணி நேரம் எங்கும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது சந்தானம் சொன்னான்: "இந்தா பாரு, கவரு கதைய யாருட்டயும் சொல்லாத. பம்பு போயிட்டு, மாத்தியாச்சுன்னு சொல்லுவோம். சாரும் சொல்லமாட்டாக. டாங்கியில பிளாஸ்டிக்கக் கெட்டினவன்னு தெரிஞ்சா ஒருத்தனும் பிள்ளைய விடமாட்டான்."

"அப்பம் ஒங்க பம்பு மேல பழியா?"

"என் பேரு தாங்கும்ட்டி. ஒன் பேரு இப்பந்தான் வந்துருக்கு."

வனஜா கியரை மாற்றினாள். "இல்லங்க" என்றாள். "இப்பப் பம்பும்பேன். நாளைக்கு வேற எதுக்காவது நின்னா என்னத்தச் சொல்லுவேன்? தண்டவாளத்துல நின்னது அவுக பிள்ளையோ. எதுனால நின்னுதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சாவணும்."

சாயங்காலம் அதே ஹால், அதே ஆட்கள். வனஜா அந்தப் பால் கவரைக் கொண்டுவந்து டீப்பாயின் மேல் வைத்தாள். என்ன செய்தாள், அதனால் என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஏன் செய்தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

கிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பால் கவரா? பால் கவரைக் கட்டி என் பசங்களைத் தண்டவாளத்தில நிறுத்தினாளா? ஓய் சேஷு, நீர் சொல்லும். இவகிட்டயா இனிமேலும் அனுப்பறது?"

"நான்தான் கட்டச் சொன்னேன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கவரைக் கட்டுன்னு சொல்லலை. ப்ரீதிக்கு வாந்தி வரது, வாடையை நிறுத்துன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். எப்படி நிறுத்தறதுன்னு நானும் யோசிக்கலை. அவ என் குழந்தைக்காகப் பண்ணினா. நான் கேட்ல நின்னு அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன்." வனஜாவின் பக்கம் திரும்பினேன். "வனஜா, தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்கோ."

"போய்ச் சொன்னது நான்" என்றாள் ருக்மிணி நிலைப்படியிலிருந்து. "கொஞ்சம் கடுமையாத்தான் சொன்னேன்."

"கட்டினது நான்லா மாமி. தெரியாமச் செஞ்சேன், இப்பம் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று வனஜா கிட்டுவைப் பார்த்தாள். "அண்ணே, என் வண்டில எது மூடியிருந்தது, எது தொறந்திருக்குன்னு இப்ப ஒங்களுக்கும் தெரியும். மத்த வண்டில தெரியுமா?"

பவுனம்மா எழுந்து சேலையை உதறினாள். "எம் பையன் நாளைக்கு உன் வண்டிதான். ஆறே முக்காலுக்கு நிப்பான்" என்றாள். கிட்டு குடையை எடுத்துக்கொண்டார். "என் பசங்க வேன்ல போவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று இருட்டுவதற்குள் சந்தானம் முதல் தடவையாகப் பானட்டைத் தாண்டிப் பின்பக்கம் வந்தான். பின்சீட்டைக் கழற்றி, டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் ரப்பர் ஷீட்டை ஒட்டி, சந்துபொந்தெல்லாம் அடைத்து, வாடை வருகிற வழியை மூடினான். வனஜா டார்ச் பிடித்துக்கொண்டு, "அங்கன ஒரு பொத்து இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமையும் மழைதான். ஃபியட்டில் நாலு குழந்தைகள். நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். பயமில்லை என்று சொன்னால் பொய். கேட் சாத்தியிருந்தது. வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. நான் பக்கத்தில் போய் நின்ற நிமிஷம் இஞ்சின் சத்தம் நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. "என்னாச்சு? வனஜா, என்னாச்சு?"

கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினாள். "ஒண்ணும் ஆவல சார். கேட்டு சாத்தியிருக்கு, எதுக்கு வெறும்ன ஓட விடணும்னு அணைச்சேன். இனிமே இது நின்னா நான் நிப்பாட்டித்தான் நிக்கும்."

ப்ரீதி பின்சீட்டில் சப்பாத்திச் சுருளைத் தின்றுகொண்டிருந்தாள். வண்டிக்குள் தின்கிறாள் என்றால் வாந்தி இல்லை என்று அர்த்தம். ரயில் போயிற்று, கேட் ஏறியது, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வனஜா அவசரப்படாமல் சாவியைத் திருப்பினாள். ஒரே தரம். வண்டி தண்டவாளத்தில் ஏறி, முதல் கியரிலேயே நிதானமாக அந்தப் பக்கம் இறங்கியது.

அந்தப் பக்கம் டீக்கடை ஓரத்தில் ஒரே குடைக்குள் கிட்டுவும் இரண்டு பையன்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டில் காத்துக் கிடக்க முடியாது, அந்தப் பக்கம் வந்து ஏறச் சொல்லுங்கள் என்று மச்சினன் சொல்லியிருக்கிறான். வேனைக் காணோம். பையன்களின் ஷூவுக்குள் தண்ணீர் போயிருந்தது.

வனஜா அவர்கள் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினாள். "மணி ஏழு இருவது அண்ணே. ஏழரைக்குப் பள்ளிக்கூடக் கதவச் சாத்திருவான்."

கிட்டு வாட்சைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "வேன் வந்துடும்" என்றார். பையன்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். ப்ரீதி உள்ளே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"இப்ப கவர் ஒண்ணும் கட்டலையே?" என்றார் கிட்டு.

"கெட்டல. பொறத்தால போய்ப் பாத்துக்கிடுங்க."

மனுஷர் நிஜமாகவே போனார். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியைத் திருகி எடுத்து, குனிந்து உள்ளே பார்த்தார். மூடியைத் திருப்பி, அந்தச் சின்ன ஓட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு தரம் ஊதிக்கூடப் பார்த்தார். பிறகு திருகி மூடி, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து, பையன்களின் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தார்.

அவ்வளவு நேரமும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.